யானைக்குட்டிப் படம் போட்ட பை

லிம்பானியின் பழைய பையை அறுத்தது யாரென்று இன்றுவரை தெரியாது. எங்கள் ஊர் ஸோம்பாவின் மினிபஸ் நிலையத்தில் காலை ஆறரை மணிக் கூட்டம். பையின் அடியில் பிளேடால் ஒரே இழுப்பு. லேப்டாப் நழுவி நேராக அவர் கால் கட்டைவிரலில் விழுந்தது. திருடன் குனிவதற்குள் இவர் அதன்மேல் கவிழ்ந்து படுத்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிக்கூட வாத்தியார் நடுரோட்டில் குப்புறக் கிடப்பதைப் பார்த்து, வலிப்பு என்று நினைத்து யாரோ தண்ணீர் தெளித்தார்களாம்.

"நகம் போயிடுச்சு தியா. ஆனா லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகல. ஆன் பண்ணிப் பாத்துட்டேன்," என்று போனில் சொன்னார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"உங்க விரலை ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்று கத்தினேன். எனக்கு வந்த கோபம் திருடன்மேலா இவர்மேலா என்று எனக்கே தெரியவில்லை.

அந்த லேப்டாப் அவருடையது இல்லை. தொண்ட்வேயில் அவர் உயிரியல் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரே லேப்டாப் அது. பள்ளிக்கூட அலுவலகத்தின் ஜன்னலை இரண்டு தடவை உடைத்துவிட்டார்கள் என்பதால், தலைமை ஆசிரியர் இவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தினமும் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காலையில் கொண்டுவரும்படி சொல்லிவிட்டார். வகுப்பில் எண்பத்தேழு பிள்ளைகள். சோதனைக்கூடம் என்று ஒரு அறை இருக்கிறது, அதில் நாற்காலி அடுக்கியிருக்கிறார்கள். முதன்முதலில் இவர் அந்தத் திரையில் ஒரு இதயம் துடிப்பதைக் காட்டியபோது பின்பெஞ்சுப் பிள்ளைகள் மேஜைமேல் ஏறி நின்றார்களாம். ஒரு பெண் தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், எனக்கும் அதே மாதிரி இருக்கு," என்றாளாம். அதை என்னிடம் சொல்லும்போது இவருக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டினால் இந்த மனிதரைத்தான் கட்டுவது என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

பை அறுபட்டது செவ்வாய்க்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்துபோயிருந்தார்கள். சிக்கல் அங்கேதான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சு தாய்மாமன்கள் கையில். பையனுக்கும் பெண்ணுக்கும் அதில் வேலையே இல்லை. அவருக்கு வைசன் மாமா, எனக்கு நகும்வா மாமா. வைசன் மாமா எதைக் கேட்டாலும் "ம்ம்" என்று சொல்லிவிட்டு அரை நிமிஷம் யோசிக்கிறவர். என் மாமா மாவு மில் நடத்துகிறவர். நாளெல்லாம் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வீட்டிலும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார். அன்றைக்கும் அப்படித்தான் பேசினார். "மூணு வாரம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாக்கக்கூடாது. எங்க வீட்டு வழக்கம் அது. பாத்தா பேச்சு முறிஞ்சுது."

போனில் பேசக்கூடாது என்று முன்னோர்கள் சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் போன் இல்லாதது என் தப்பா?

மாமாவின் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. என் அம்மாவுக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் அவர்தான். எனக்கு ஆறு வயதானபோது அப்பா ஜோகன்னஸ்பர்க்கில் வேலை என்று போனார். அங்கே அவருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி, இரண்டு குழந்தைகள். எங்கள் அம்மாவைக் கட்டுவதற்கு முன்பிருந்தே. இது தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு மாவு மாமா மில்லிலிருந்துதான் வருகிறது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் என்னைப் பெண் கேட்டு வருகிறவனின் ஏழு தலைமுறையையும் தோண்டாமல் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

இவ்வளவு தெரிந்தும் நான் சந்தைக்குப் போனேன். ஏன் போனேன் என்றால், லிம்பானியைத் தனியாக விட்டால் அறுபட்ட அதே கறுப்புப் பையைத் தேடிப்பிடித்து மறுபடி வாங்கிக்கொண்டு வருவார். அடுத்த தடவை பிளேடு பையைத் தாண்டி உடம்பில் எங்கேயாவது பட்டால்?

சனிக்கிழமை காலை தலைத்துணியை நெற்றிவரை இறக்கிக் கட்டிக்கொண்டேன். என்னோடு சுகாதார நிலையத்தில் வேலை செய்கிற ஒருத்தியின் மூக்குக்கண்ணாடியைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டேன். மாட்டியதும் ஒன்றுமே தெரியவில்லை. ஒரு தக்காளிக் கூடையில் காலை வைக்கப்போய்த் திட்டு வாங்கினேன்.

பழைய துணி மூட்டைகளைப் பிரித்து விற்கிற வரிசையில் லிம்பானி நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு அட்டை. லேப்டாப்பின் நீள அகலத்துக்குச் சரியாக வெட்டி, கனத்துக்கு இரண்டு நோட்டுப் புத்தகங்களை வைத்து நூலால் கட்டியிருந்தார்.

"லேப்டாப்பையே கொண்டுவந்திருக்கலாமே?"

"பை இல்லாம எப்படிக் கொண்டுவர்றது?" என்றார், ரொம்ப நியாயமாக.

பைக்காரம்மா மலையாகக் குவிந்த பைகளின்மேல் சாய்ந்து உட்கார்ந்து மந்தாசிப் பணியாரம் தின்றுகொண்டிருந்தாள். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். நான் நினைத்தது போலவே இவர் கை நேராகக் கறுப்புப் பைக்குப் போனது.

"இதேதான் அறுபட்டது," என்றேன்.

"அது ரெக்சின் தியா. இது தோல்."

"திருடன் அதைக் கேட்டுட்டா அறுக்கப்போறான்? 'உள்ள கம்ப்யூட்டர் இருக்கு, வாங்கய்யா'ன்னு போர்டு மாட்டின மாதிரி இருக்கு. வெச்சுடுங்க."

அடுத்தது கட்டம்போட்ட பெரிய ஜிப் பை. "இதுல நீங்களே காலை நீட்டிப் படுத்துக்கலாம்," என்று தள்ளினேன். அடுத்தது பொம்மைப் படம் போட்ட பள்ளிக்கூடப் பை. அட்டை பாதிதான் உள்ளே போனது. சாக்குத்துணிப் பை ஒன்று பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் ஸோம்பா மழைக்கு அது அரை மணி தாங்காது. பைக்காரம்மா, "உன் ஆளுக்குப் பை எடுக்கறியா, பொண்ணு எடுக்கறியா?" என்று அலுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தப் பை மலையின் அடியிலிருந்து அது வந்தது. வெளிர்நீலம். இரண்டு பக்கமும் மெத்தென்று பஞ்சு வைத்தது. உள்ளே, துடைத்தால் அழுக்குப் போய்விடுகிற வழவழப்பான துணி. ஜிப், அதற்கு மேலே ஒரு மடிப்பு மூடி. தோளில் அழுத்தாத அகலமான பட்டை. பக்கவாட்டில் பால் பாட்டில் வைக்க வட்டமாக ஒரு பாக்கெட். எந்த நாட்டிலோ எந்தக் குழந்தைக்கோ வாங்கிய பை.

நான் சுகாதார நிலையத்தில் குழந்தைகளை எடை போடுகிறவள். கொக்கித் தராசில் தொங்கவிட்டு, அழ அழ எடை எழுதி, தாயிடம் திருப்பிக் கொடுப்பது என் வேலை. நான்கு வருஷத்தில் செருப்பைப் பறிகொடுத்த தாயைப் பார்த்திருக்கிறேன், போனைப் பறிகொடுத்தவளைப் பார்த்திருக்கிறேன். குழந்தைத் துணி வைத்த பையைத் திருடிவிட்டான் என்று ஒருத்தியும் அழுததில்லை. அந்தப் பைக்குள் என்ன இருக்கும் என்று ஸோம்பாவில் எல்லாத் திருடனுக்கும் தெரியும்.

"இதுதான்," என்றேன்.

லிம்பானி பையைத் திருப்பிப் பார்த்தார். "தியா, இதுல யானை இருக்கு."

"மூணுதான் இருக்கு."

"ஒண்ணு தொப்பி போட்டிருக்கு."

"வெயில்ல நிக்குதோ என்னவோ. அட்டையை வைங்க."

அட்டை அளவெடுத்துத் தைத்த மாதிரி உள்ளே இறங்கியது. நான் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கையை விட்டுப் பார்த்து, சார்ஜர் இங்கே, சாக்பீஸ் டப்பா பால் பாட்டில் இடத்தில், என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பைக்காரம்மா என் வயிற்றைப் பார்த்தாள். "எத்தனை மாசம்?" என்று கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "சிரிங்க, சிரிங்க. பொறந்தப்புறம் தூக்கம் கிடையாது," என்றாள் அவள்.

லிம்பானி பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் சொந்தக் குழந்தையின் பையைக்கூட ஆண்பிள்ளை தொடமாட்டான். பெண்டாட்டி முதுகில் குழந்தை, தலையில் மூட்டை, கையில் பை என்று வருவாள். புருஷன் முன்னால் கையை வீசிக்கொண்டு நடப்பான்.

"பசங்க சிரிப்பாங்க," என்றார்.

"சிரிக்கட்டுமே."

"எண்பத்தேழு பேரும் சிரிப்பாங்க." கொஞ்சம் யோசித்தார். "சரி, ஒருநாள் சிரிப்பாங்க. மறுநாள் சிறுநீரகம் நடத்தணும்." பட்டையைச் சரிசெய்துகொண்டார். "நீ பாத்து எடுத்தது. எனக்கு வேற என்ன வேணும்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பத்து நாள் ஒரு வம்பும் இல்லை. தினமும் சாயங்காலம், "வந்து சேந்துட்டோம்," என்று செய்தி அனுப்புவார். அவரும் லேப்டாப்பும் என்று அர்த்தம். பிறகு ஒரு வியாழக்கிழமை, அம்மாவின் தங்கை எலுபே சித்தி கீரைக்கூடையோடு வந்தாள். கூடையைக்கூட இறக்கவில்லை.

"அக்கா, உக்காரு. நின்னுக்கிட்டுக் கேட்டா விழுந்துடுவே. அந்த வாத்தியாருக்குப் பிள்ளை இருக்கு!"

நான் அடுப்படியில் உசிப்பாக் கருவாட்டில் மண் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது.

"தொண்ட்வேயிலேருந்து வர்ற மினிபஸ்ல எனக்கு எதிர் சீட்டு. மடியில குழந்தைப் பை. யானை போட்டது! கண்டக்டர் பையைப் பின்னாடி போடச் சொன்னான், குடுக்க மாட்டேங்கிறான். பள்ளத்துல வண்டி குதிச்சா ரெண்டு கையாலயும் அணைச்சுக்கிறான். சொந்தப் பிள்ளைக்கே நம்ம ஊர் ஆம்பளை அதைத் தூக்கமாட்டான். இவன் இப்படித் தூக்கிட்டுப் போறான்னா அந்தப் பொம்பளைமேல எவ்வளவு ஆசை இருக்கணும், யோசிச்சுப் பாரு! என்னைப் பாத்ததும் தலையைக் குனிஞ்சான் பாரு, இறங்கறவரைக்கும் நிமிரல. திருட்டு முழி."

எங்கள் வழக்கப்படி, மனைவியாகப் போகிறவளின் சித்தியை மாப்பிள்ளை நிமிர்ந்து பார்க்கக் கூடாது, தானாகப் பேச்சுக் கொடுக்கவும் கூடாது. இவர் பார்த்திருந்தால் இதே சித்தி, "என்ன திமிர்!" என்று வந்து சொல்லியிருப்பாள். மரியாதைக்குக் குனிந்த தலையைக் குற்றத்துக்குக் குனிந்ததாக ஆக்கிவிட்டாள்.

அம்மா மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த முகத்தை நான் ஆறு வயதில் ஒருதடவை பார்த்திருக்கிறேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எழுந்துபோய், "அது லேப்டாப், நான்தான் எடுத்துக் கொடுத்தேன்," என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஆனால் அதற்குள் மாமா மில்லிலிருந்து வந்துவிட்டார், புருவமெல்லாம் மாவோடு. சித்தி சொன்னதை முழுதாகக் கேட்டார். கத்துவார் என்று நினைத்தோம். கத்தவில்லை. என் தலையில் கையை வைத்தார்.

"நல்லவேளை. நம்ம பொண்ணு ஒழுங்கா இருந்தா. அவன் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. இவ ஒருத்தியாவது என் தலையை நிமிர வெச்சா," என்றார்.

அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது? பயந்துவிட்டேன். கருவாட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

சித்தி சும்மா இருக்கிற ஜாதி இல்லை. மறுநாளே சந்தைக்குப் போய், யானைப் பை விற்றவளைத் தேடிப்பிடித்துப் பேச்சுக் கொடுத்து, மொத்தத்தையும் கறந்துகொண்டு வந்துவிட்டாள். "ஜோடியா வந்தாங்களாம் அக்கா. அவதான் பையை எடுத்தாளாம். ஒவ்வொரு பாக்கெட்டா கையை விட்டுப் பாத்தாளாம். ரெண்டும் ஒரே சிரிப்பாம். கண்ணாடி போட்டிருந்தாளாம், நல்லாத் தடிச்ச பொம்பளையாம்."

"தடிச்ச பொம்பளையா?" என்று அடுப்படியிலிருந்து கத்திவிட்டேன்.

"ஆமாடி. உனக்கு அவ கால் தூசி வராது. அழாதே," என்று சித்தி என்னைத் தேற்றினாள்.

அன்றைக்குக் கிணற்றடிக்குப் பின்னால் நின்று லிம்பானிக்குப் போன் பண்ணினேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு, "உங்க மாமாகிட்ட அது லேப்டாப்னு வைசன் மாமாவை விட்டுச் சொல்லச் சொல்றேன்," என்றார்.

"அதை நம்பிடுவாங்க. ஆனா 'கூட வந்த பொம்பளை யாரு'ன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க," என்றார்.

"சொல்லிடுங்க," என்றேன், அழுதுகொண்டே. "என் பேரைச் சொல்லிடுங்க. எனக்குத் தைரியம் இல்ல."

"நான் சொன்னா, உன்னை மாட்டிவிட்டுத் தப்பிச்சவனாயிடுவேன். நீ சொல்ற வரைக்கும் நான் சொல்லமாட்டேன் தியா. நீ சொல்லாமலே விட்டாலும் சரி."

"சொல்லாம விட்டா கல்யாணம் நடக்காது."

"தெரியும்," என்றார். பிறகு, "இன்னிக்கு மழை. பைக்குள்ள ஒரு சொட்டு இறங்கல," என்றார். இந்த மனிதரை என்ன செய்வது?

வைசன் மாமா சொல்லி அனுப்பிய சேதி மறுநாளே வந்தது. பைக்குள் இருப்பது பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர். பையை எடுத்துக் கொடுத்த பெண் யாரென்று பையன் சொல்ல மறுக்கிறான். சேதியைக் கேட்டதும் என் மாமாவுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்துபோனது. "மறைக்கிறான்னா இருக்குன்னு அர்த்தம். அன்னிக்கு நான் விசாரிக்காம விட்டேன். இன்னிக்கு விடமாட்டேன்," என்றார்.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வைசன் மாமாவும் அவருடைய ஒன்றுவிட்ட தம்பியும் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார்கள். வழக்கப்படி லிம்பானி வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார்கள். அம்மா முந்தாநாளே மக்காச்சோள மாவில் காய்ச்சிப் புளிக்க வைத்திருந்த தோப்வா பானை அடுப்படியிலேயே இருந்தது. வந்த விருந்தாளிக்குத் தோப்வா ஊற்றாமல் உட்கார வைப்பதென்றால் பேச்சே தேவையில்லை. வைசன் மாமா பானை வருகிற வாசலை இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். சித்தி என் காதில், "மூணு தடவை கேப்பாங்க. 'தெரியாது'ன்னு ஒரே வார்த்தை. அவ்வளவுதான், எந்திரிச்சுப் போயிடுவாங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மாமாவின் குரல் மில்லில் கேட்பது போலக் கேட்டது. "எங்க வழக்கத்தை எங்க பொண்ணு காப்பாத்திட்டா. இந்த மூணு வாரத்துல உங்க பையன் மூஞ்சியை அவ பாக்கல. இதுக்கு நான் சாட்சி, என் பேருமேல சொல்றேன். உங்க பக்கம் என்ன பதில்?"

"ம்ம்," என்றார் வைசன் மாமா.

"பொண்ணைக் கூப்பிடுங்க."

போய்ப் பாயில் மண்டியிட்டேன். தலையைக் குனிந்துகொண்டேன். மாமாவின் ஷூ மட்டும் தெரிந்தது. மாவு போகப் பாலிஷ் போட்டிருந்தார்.

"இவங்க யாருக்காகப் பேச வந்திருக்காங்களோ, அந்தப் பையனை உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றால் சம்மதம். தெரியாது என்றால் முடிந்தது. என் மாமா தன் பேரின்மேல் சாட்சி சொல்லி இரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது. நான் வாயைத் திறந்தால் வந்தவர்கள் முன்னால் அவர் பொய்யராவார். திறக்காவிட்டால், எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிற ஒரு மனிதர் ஊருக்குக் கெட்டவராவார்.

"தெரியும்," என்றேன்.

கதவுக்குப் பின்னால் சித்தி இருமினாள். மாமா இன்னும் சத்தமாக, "சரியாக் காதுல வாங்கு. தெரியுமா?" என்றார்.

"தெரியும் மாமா. அந்தப் பையை எடுத்துக் குடுத்த பொம்பளை நான்தான்."

ஒருதடவை வாயைத் திறந்தபிறகு நிற்கவில்லை. பிளேடு, கால்விரல், அட்டை, கடன் வாங்கிய கண்ணாடி, எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தைப் பையை யாரும் திருடமாட்டார்கள் என்று நான்தான் யோசித்ததாகச் சொன்னேன். நான் தடித்தவள் இல்லை என்பதையும் சொன்னேன் போலிருக்கிறது, வைசன் மாமாவின் தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் கோட்டுக்குள் தும்மினார். வைசன் மாமா, "ஓ," என்றார். அவருக்கு அதுவே நீளமான பேச்சு.

என் மாமாவின் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவர் இறங்கி வந்து என் எதிரில், பாயில், தரையோடு உட்கார்ந்தார். இந்த மாதிரிப் பேச்சில் ஆண்கள் பாயில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் குரல் எனக்கு மட்டும் கேட்டது.

"உங்கம்மாகிட்டயும் இதே இடத்துல இதே கேள்வியைக் கேட்டேன். அவளும் தெரியும்னுதான் சொன்னா. நானும் சரின்னு விட்டுட்டேன். நல்லாத் தெரியுமா, கண்ணு?"

அம்மாவும் அன்றைக்கு உண்மையைத்தானே சொல்லியிருப்பாள்.

"எல்லாம் தெரியாது மாமா," என்றேன். "கொஞ்சம்தான் தெரியும். நான் எடுத்துக் குடுத்தேங்கிறதுக்காக அந்தப் பையை மாட்டிக்கிட்டு ஸோம்பா நடுவுல தினமும் போறாரு. சிரிக்கிறவங்க சிரிக்கிறாங்க. என் பேரைச் சொல்லியிருந்தா என்னிக்கோ தப்பிச்சிருப்பாரு. சொல்லல. நான் சொல்லாம விட்டாலும் சரின்னாரு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் ஒட்டியிருந்த மாவு நனைந்திருந்தது. திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். விதியை மீறினவள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னால் சொல்லட்டும், அதற்கு நான் தகுதியானவள்தான் என்று நினைத்தேன். அவர் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். வந்தவர்கள் பக்கம் திரும்பினார். எப்போதும் பேசுகிற குரலில்தான் பேசினார், தெருவுக்கே கேட்டிருக்கும்.

"நான் ஒரு பொய்ச் சாட்சி சொல்லிட்டேன். பொண்ணு வழக்கத்தைக் காப்பாத்தினான்னு என் பேருமேல சொன்னேன். காப்பாத்தல. அது அவ தப்பு இல்ல. காவலுக்கு இருந்தவன் நான், தூங்கினவனும் நான். உங்க பையனைப் பத்தித் தப்பாப் பேசினதும் இந்த வாய்தான். அபராதம் என்னன்னு சொல்லுங்க. நான் கட்டறேன்."

நகும்வா மாமா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. கல் கலந்த மாவுக்கே கேட்டதில்லை. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்தி வாயில் துணியை வைத்துக்கொண்டாள்.

வைசன் மாமா, "ம்ம்," என்றார். அரை நிமிஷம் யோசித்தார். "நடந்து வந்தோம். தாகமா இருக்கு. தோப்வா இருந்தா அபராதமாக் குடுங்க."

மாமா யாரையும் ஏவவில்லை. தானே அடுப்படிக்குப் போய், பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, தன் கையால் கலக்கி, தன் கையால் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினார்.

லிம்பானியைத் தெரியுமா என்று என்னை மூன்று தடவை கேட்டார்கள். நகும்வா மாமாவைத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. இருபது வருஷம் அவர் அரைத்த மாவைத் தின்று வளர்ந்தவள் நான். கேட்டிருந்தால், அன்று மத்தியானம்வரை தெரியாது என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். பாயில் உட்கார்ந்தபடியே அழுதேன். அழட்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.